எதிரணியின் பலமும் வெளியேற்றத்தின் நியாயமும்: காலேஜ் ஃபுட்பாலை நோட்டுப் போட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) ஓர் அணி 10-2, அதாவது பத்து வெற்றி இரண்டு தோல்வி என்று நிற்கிறது. நல்ல அணியா? யாரோடு ஆடி 10-2 என்று தெரியாமல் பதில் சொல்ல வழியே இல்லை. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணி, ஆளுக்கு 17 ஆட்டம். அங்கே வெற்றிக் கணக்கை ஓரளவு நம்பலாம். காலேஜில் எஃப்பிஎஸ் என்ற மேல்பிரிவில் மட்டும் 2024இல் 134 அணிகள் இருந்தன. வழக்கமான சீசனில் ஆளுக்குப் பன்னிரண்டே ஆட்டம். நூற்றிருபதுக்கு மேற்பட்ட அணிகளை ஓர் அணி கண்ணால்கூடப் பார்க்காமல் சீசனை முடித்துவிடும். பிறகு பதின்மூன்று பேர் கொண்ட கமிட்டி உட்கார்ந்து, பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்காக இவர்களை வரிசைப்படுத்துகிறது.

நான் கொலம்பஸ்வாசி, ஓஹையோ ஸ்டேட் கட்சி. அக்கா மகன் அட்லாண்டாவில் இருக்கிறான், ஜார்ஜியா கட்சி. சனிக்கிழமை ராத்திரி ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு ஃபோன் வரும். "மாமா, நீங்க யாரை ஜெயிச்சீங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பிப்பான். அது ஓய்ந்ததும், யாரையாவது டார்கெட்டிங் (தலையை வைத்தோ தலையைக் குறிவைத்தோ மோதும் குற்றம்) என்று வெளியேற்றியிருந்தால் அந்தப் பஞ்சாயத்து. இந்த இரண்டு வழக்குக்கும் தீர்ப்பு சொல்லும் முறை ஒன்றுதான் என்பது என் கட்சி. ஸ்கோரும் காயமும் விளைவு. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த விளைவுக்கு முன்னால் களத்தில் யார் நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

உங்கள் அணிக்கும் அதன் எதிரணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, யார் ஊரில் ஆட்டம், இரண்டு அணிக்கும் முந்தைய வாரம் ஓய்வா, குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) யார், ஓர் ஆட்ட நகர்வுக்குச் சராசரியாக எத்தனை யார்டு, நடுவில் வெளியே போனவர் யார், எந்த நிமிடத்தில். கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதுதான் முக்கியமான கட்டம். எதிரணியின் மதிப்பு அங்கே வரும், அதுவும் நவம்பர் கடைசியில்தான் வரும்.

ஏன் அவ்வளவு தாமதம்? 2024 ஆகஸ்ட் 24ஆம் தேதி டப்ளினில் ஜார்ஜியா டெக், ஃப்ளோரிடா ஸ்டேட்டை 24-21 என்று வென்றது. ஃப்ளோரிடா ஸ்டேட் அப்போது பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில் பத்தாம் இடம். பத்தாம் இட அணியை வீழ்த்திய பெரும் வெற்றி என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் சீசனை 2-10 என்று முடித்தது. ஆகஸ்ட் தரவரிசை போன வருடத்து நினைவையும் இந்த வருடத்து நம்பிக்கையையும் கலந்து போட்ட கணக்கு. ஆட்டம் நடந்த அன்று எதிரணிக்கு என்ன எண் போட்டிருந்தார்கள் என்பதை நோட்டில் எழுதவே வேண்டாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாடம் அதே வருடம் கிடைத்தது. செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இல்லினாய், நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று சாய்த்தது. நார்தர்ன் இல்லினாய் அடுத்து ஆடிய ஆட்டத்தில் பஃபலோவிடம் தோற்றது. நோட்டர் டேமோ அதற்குப் பிறகு தோல்வியே இல்லாமல் தேசிய இறுதி ஆட்டம்வரை போய், எங்கள் ஓஹையோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றது. அந்த ஓஹையோ ஸ்டேட்டும் நவம்பரில் மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10 என்று தோற்ற அணிதான். ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்து யாரையும் தூக்கவோ தூற்றவோ முடியாது.

சராசரி எங்கே ஏமாற்றும்

எதிரணிகளின் பலத்தை எண்ணாக்க, பிளேஆஃபுக்கு முந்தைய பழைய பிசிஎஸ் தரவரிசை முறையின் காலத்தில் ஒரு வாய்ப்பாடு இருந்தது. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இன்றும் பலர் மனக்கணக்காகப் போடுவது இதைத்தான். எதிரணியின் எதிரணிவரை போய்ப் பார்க்கிறதே, அது நல்ல எண்ணம். ஆனால் எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒற்றை எண்ணாக்கும்போது உண்மை தொலைந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஷெட்யூல். முதலாவதில் ஆறு மிகப் பலமான அணிகள், ஆறு மிகப் பலவீனமான அணிகள். இரண்டாவதில் பன்னிரண்டும் நடுத்தரம். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பட்டம் வெல்லத் தகுதியுள்ள ஓர் அணியை இரண்டிலும் இறக்குவோம். பலமானவர்களோடு அது தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50, பலவீனமானவர்களோடு 1, நடுத்தரத்தோடு 15 என்று கொள்வோம். முதல் ஷெட்யூலில் எதிர்பார்க்க வேண்டிய தோல்விகள் ஆறு பாதி, மூன்று, அதோடு சொற்பம். மொத்தம் 3.06. இரண்டாவதில் பன்னிரண்டை 0.15ஆல் பெருக்கினால் 1.8. முதல் ஷெட்யூலில் 9-3 எடுத்த அணியும் இரண்டாவதில் 10-2 எடுத்த அணியும் ஏறக்குறைய ஒரே தரம்.

அதே இரண்டு ஷெட்யூலில் ஒரு நடுத்தர அணியை இறக்குங்கள். பலமானவர்களிடம் தோற்கும் வாய்ப்பு 85, பலவீனமானவர்களிடம் 10, தன்னைப் போன்றவர்களிடம் 50. முதலாவதில் 5.7 தோல்வி, இரண்டாவதில் 6. வரிசையே தலைகீழாகிவிட்டது. பெரிய அணிக்குக் கஷ்டமான ஷெட்யூல் நடுத்தர அணிக்குச் சற்றே சுலபம்! ஆகவே "கடினமான ஷெட்யூல்" என்று யாராவது சொன்னால், யாருக்குக் கடினம் என்று திருப்பிக் கேளுங்கள். பிளேஆஃபுக்குத் தகுதி பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பட்டத்துக்குத் தகுதியான ஓர் அணியை இதே பன்னிரண்டு பேரோடு ஆடவிட்டால் எத்தனை தோற்கும்? அந்த எண்ணைவிட உங்கள் அணி குறைவாகத் தோற்றிருக்கிறதா, அதிகமாகத் தோற்றிருக்கிறதா?

இதைச் செய்ய மென்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு எதிரணிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: நல்ல அணியும் தோற்கக்கூடிய ஆட்டம், கவனம் தவறினால் தோற்கும் ஆட்டம், தோற்கவே கூடாத ஆட்டம். முதல் வகை எத்தனை என்று எண்ணினாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

இதில் பெயரைப் பார்த்து வகை பிரிக்காதீர்கள். எஃப்சிஎஸ் என்ற அடுத்த கீழ்ப்பிரிவு அணி என்றாலே மூன்றாம் வகை என்று தள்ளுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் 2007இல் மிச்சிகனை அதன் ஊரான ஆன் ஆர்பரிலேயே 34-32 என்று வீழ்த்திய ஆப்பலாச்சியன் ஸ்டேட், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் எஃப்சிஎஸ் சாம்பியன். நார்த் டகோட்டா ஸ்டேட் 2016இல் அயோவாவுக்கே போய் 23-21 என்று வென்றது. அதுவும் பட்டங்களாகக் குவித்துக்கொண்டிருந்த அணிதான். சின்னப் பிரிவின் உச்சியில் இருப்பவர்கள், பெரிய பிரிவின் அடியில் இருப்பவர்களைவிட நல்ல அணி. மற்றபடி நவம்பர் நடுவில், ஜார்ஜியா இருக்கும் எஸ்இசி குழுவின் அணிகள் தேடிப் பிடித்து ஆடும் எஃப்சிஎஸ் ஆட்டத்துக்கு நான் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன். அக்கா மகனுக்கு இதில் என்மேல் தீராத கோபம்.

ஸ்கோருக்குக் கீழே

எதிரணியின் பலத்தை அதன் ஸ்கோரில் தேடாதீர்கள். 31-10 என்ற வெற்றியில், எதிரி கைநழுவிய பந்துகள் நாலும் இவர்கள் கையிலேயே விழுந்திருக்கலாம். தரையில் உருளும் பந்தை எந்த அணி எடுக்கும் என்பது கிட்டத்தட்ட காசு சுண்டிவிடுவது மாதிரி; இந்த வாரம் கிடைத்தது அடுத்த வாரம் கிடைக்காது. பந்தைத் தட்டிவிடுவது திறமை, தட்டிய பந்து எங்கே உருளும் என்பதில் திறமைக்குப் பெரிய வேலை இல்லை.

நான் எண்ணுவது, ஒவ்வொரு நகர்வும் உருப்படியானதா என்பதை. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; முன்னேறினால் மறுபடி ஃபர்ஸ்ட் டவுன். அளவுகோல் எளிது. ஃபர்ஸ்ட் டவுனில் தேவையான யார்டில் பாதி, செகண்ட் டவுனில் மிச்சத்தில் நூற்றுக்கு 70, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் எடுத்தால் உருப்படி. எடுத்துக்காட்டாக, 10 யார்டு தேவை, ஓடி 6 எடுத்தார்கள்: உருப்படி. மிச்சம் 4, அடுத்த ஓட்டத்தில் 2 மட்டும்: 2.8 தேவைப்பட்டது, ஆகவே இல்லை. மூன்றாவதில் 2 தேவை, பாஸில் 9 வந்தது: உருப்படி. மூன்றுக்கு இரண்டு. ஒரு ட்ரைவ் (பந்து ஓர் அணி கையில் இருக்கும்வரை ஆடும் நகர்வுகள்) முழுக்க இப்படிக் கோடு கிழித்துக்கொண்டே பார்த்தால் எந்த அணி எதிரியைத் தள்ளிக்கொண்டு போகிறது, எது ஓரிரு நீளமான பாஸில் பிழைக்கிறது என்று இரண்டாவது குவார்ட்டருக்குள் தெரிந்துவிடும். வெற்றி தோல்வி முடிவான பிறகு, நாலாவது குவார்ட்டரில் மாற்று ஆட்கள் இறங்கி ஆடுவதை எண்ணாதீர்கள்.

சொந்த மைதானத்தின் அனுகூலத்துக்கு இரண்டரை முதல் மூன்று புள்ளி என்று வையுங்கள். சில இடங்களுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். வயோமிங்கின் லாரமி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரம். அங்கே போய் ஆடிய அணி மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குவதைப் பலவீனம் என்று எழுதக் கூடாது.

அவன் இவனை ஜெயித்தான், இவன் அவனை ஜெயித்தான் என்று சங்கிலி கோக்கும் பழக்கமும் எங்கள் ஃபோனில் உண்டு. 2017 சீசனில் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) 13-0. வழக்கமான சீசன் முடிந்து நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான பீச் பௌலில் ஆபர்னை 34-27 என்று வென்றது. அந்த ஆபர்ன் வழக்கமான சீசனில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் வென்றிருந்தது; தேசிய இறுதியில் ஆடியது அந்த இரண்டு அணிகளும்தான். அப்படியானால் யூசிஎஃப்தான் உண்மையான சாம்பியனா? சங்கிலியை வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆபர்ன், எஸ்இசி இறுதியில் அதே ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றதே. ஆனால் சங்கிலி இன்னொன்றை நிரூபிக்கிறது. யூசிஎஃபின் எதிரணிகள் பலவீனமானவை என்பது, யூசிஎஃப் பலவீனமானது என்பதற்குச் சான்று ஆகாது. சோதிக்கப்படாத அணி வேறு, சோதனையில் தோற்ற அணி வேறு. கமிட்டி அன்று அவர்களைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் என்று நான் இன்றும் சொல்வேன்.

அன்று களத்தில் யார் என்ற கேள்விக்கு 2023 ஃப்ளோரிடா ஸ்டேட்டைவிட வலிக்கும் உதாரணம் இல்லை. குவார்ட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் நவம்பரில் கால் முறிந்து போனார். அவர் இல்லாமல் ஃப்ளோரிடாவை 24-15, லூயிவிலை 16-6 என்று வென்று 13-0. ஆனாலும் அன்றைய நாலு அணி பிளேஆஃபில் இடமில்லை. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கக் கமிட்டியின் விதியிலேயே இடம் உண்டு, அதைத்தான் செய்தார்கள். எனக்கு அது அநியாயம். எதிர்காலத்தில் எப்படி ஆடுவார்கள் என்று ஊகிக்க அந்தத் தகவல் உதவும். ஏற்கெனவே சம்பாதித்ததைப் பறிக்க உதவக் கூடாது. பிறகு ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி "பார்த்தீங்களா மாமா" என்றான் அக்கா மகன். அந்த ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முதல்தர ஆட்கள் ஏகப்பட்ட பேர் இறங்கவே இல்லை. பிளேஆஃபுக்கு வெளியே உள்ள பௌல் ஆட்டங்களை நோட்டில் ஏற்றாதீர்கள்.

டார்கெட்டிங்: பார்க்கும் வரிசை

இனி வெளியேற்றம். கைகலப்புக்கும், ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை ஒழுங்கீனத்துக்கும் வெளியேற்றுவார்கள். அதில் பெரிய விவாதம் இல்லை. விவாதமெல்லாம் டார்கெட்டிங்கில்தான். 2013 முதல் இதற்கு 15 யார்டோடு வெளியேற்றமும் சேர்ந்தது. இரண்டு வகை. ஒன்று, ஹெல்மெட்டின் உச்சியால் யாரை முட்டினாலும் குற்றம். இன்னொன்று, தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையிலோ கழுத்திலோ எதைக் கொண்டு வேகமாகத் தாக்கினாலும் குற்றம். பந்தை எறிந்துகொண்டிருக்கும் குவார்ட்டர்பேக், பந்தைப் பிடித்து இன்னும் திரும்பக்கூட நேரமில்லாத ரிசீவர், கால் நீட்டிச் சறுக்கிவிட்டவர், தரையில் கிடப்பவர் எல்லாம் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

ரீப்ளே வரும்போது டிவியின் சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளரின் "ஐயோ" உங்கள் கண்ணைக் கெடுக்கும். முதல் தடவை சாதாரண வேகத்தில் பாருங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், செய்தவர் யோசித்துத் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றும். அரை விநாடியில் நடந்தது நாலு விநாடி நீள்கிறதே. ஸ்லோ மோஷனை ஒரே காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எது எதன்மேல் பட்டது என்று பார்க்க.

அடி வாங்கியவரைப் பார்க்காதீர்கள். அடித்தவரைப் பாருங்கள். காலிலிருந்து எம்பிப் பாய்ந்தாரா? குனிந்திருந்து மேல்நோக்கி உந்தினாரா? தலையைத் தாழ்த்தினாரா? தோளோ முழங்கையோ தலையை நோக்கிப் போனதா? இதில் ஒன்றாவது இருக்க வேண்டும். விதி இவற்றை அடையாளங்கள் என்கிறது. இவை எதுவுமே இல்லாமல், முகம் நிமிர்ந்தபடி கட்டிப் பிடிக்கப் போய்த் தலையும் தலையும் இடித்துக்கொண்டால் அது டார்கெட்டிங் இல்லை. கெட்ட எண்ணம் இருந்ததா என்பதும் கேள்வியே இல்லை. விதி உடம்பைப் பார்க்கிறது, மனசை அல்ல.

ஒரு நுணுக்கம் பலருக்குப் பிடிபடுவதில்லை. களத்தில் இருக்கும் ரெஃபரிக்கு விதி சொல்வது: சந்தேகம் வந்தால் குற்றம் என்றே கொடி வீசு. ரீப்ளே அறைக்கு 2019 முதல் சொல்லப்பட்டது: ஒவ்வொரு அம்சமும் உறுதியானால் மட்டும் குற்றம், இல்லையேல் ரத்து. "களத்தில் சொன்னதே நிற்கும்" என்ற நடுவழி டார்கெட்டிங்குக்கு இல்லாமல் போனது. ஆக அதே சந்தேகம் களத்தில் அடித்தவருக்கு எதிராகவும், மேலே அவருக்குச் சாதகமாகவும் போகிறது. கொடி வீசி ரத்தானால் ரெஃபரி தவறிவிட்டார் என்று கத்தாதீர்கள். இருவரும் அவரவர் விதிப்படி சரியாக நடந்திருக்கலாம்.

இதை என் அணிக்கு எதிராகவே வைத்துச் சொல்கிறேன். 2022 டிசம்பர் 31, பீச் பௌல் அரையிறுதி, ஜார்ஜியாவோடு. மூன்றாவது குவார்ட்டர் முடியும் நேரம், பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன் ஆகும் எண்ட் ஸோனில் எங்கள் மார்வின் ஹாரிசன் ஜூனியரை ஜார்ஜியாவின் ஜவோன் புல்லர்ட் மோதித் தள்ளினார். கொடி விழுந்தது, ரீப்ளேயில் ரத்தானது. நாங்கள், பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலோடு நின்றோம், 38-24. ஹாரிசன் திரும்பி வரவில்லை. கடைசியில் 42-41 என்று தோற்றோம். இந்த ஊரில் இன்றும் அந்தப் பேச்சு எடுத்தால் "அவன் எழுந்திருக்கவே இல்லையே" என்பதுதான் வாதம். அது வாதமே இல்லை. மண்டை அதிர்ச்சி சுத்தமான டேக்கிளிலும் வரும், தலை தரையில் மோதினாலும் வரும். நான் பார்த்தவரை தோள்தான் முன்னால் வந்தது. தலையில் வேகமாகப் பட்டதா என்பதை எந்தக் கோணமும் சந்தேகமறக் காட்டவில்லை. சந்தேகம் இருந்தால் ரத்து என்பதுதான் ரீப்ளே அறைக்கு விதி.

2025 ஜனவரி 1, அதே பீச் பௌல், டெக்ஸஸும் அரிஸோனா ஸ்டேட்டும். 24-24, நாலாவது குவார்ட்டரின் கடைசி. அரிஸோனா ஸ்டேட்டின் மெல்குவான் ஸ்டோவல் பந்தைப் பிடித்த கையோடு, டெக்ஸஸின் மைக்கேல் டாஃப் அவர்மேல் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதினார். கொடி இல்லை. ரீப்ளே பார்த்து, டார்கெட்டிங் இல்லை என்றார்கள். இருந்திருந்தால் ஃபர்ஸ்ட் டவுன். இல்லாததால் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஓவர்டைமில் டெக்ஸஸ் 39-31. இதில் ரிசீவரின் நிலையிலும் பட்ட இடத்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை. தலை முந்திக்கொண்டு போனதும் தெரிந்தது. நான் இருந்திருந்தால் வெளியேற்றியிருப்பேன்.

தண்டனையை நிமிடத்தில் அளந்து பாருங்கள்

குற்றமா என்பது ஒரு கேள்வி, தண்டனை நியாயமா என்பது வேறு கேள்வி. கலக்கவே கூடாது. 2025 சீசன்வரை நடந்த விதி இது: முதல் பாதியில் செய்தால் அந்த ஆட்டத்தின் மிச்சம், இரண்டாம் பாதியில் செய்தால் மிச்சத்தோடு அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும். முதல் நிமிடத்தில் செய்தவர் 59 நிமிடம் இழக்கிறார். இரண்டாவது குவார்ட்டர் முடியும்போது செய்தவர் 30. மூன்றாவதின் முதல் நிமிடத்தில் செய்தவர் 29ம் 30ம் சேர்த்து மறுபடி 59. கடைசி நகர்வில் செய்தவர் 30. ஒரே சீசனில் மூன்று முறை செய்தவர்களை விட்டால், யாருக்கும் அரை ஆட்டத்துக்குக் குறையாது, ஓர் ஆட்டத்துக்கு மேல் போகாது. நிமிடக் கணக்கில் பார்த்தால் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

நிமிடங்கள் எல்லாம் ஒரே விலை இல்லை என்பதில்தான் இது உடைகிறது. 2018 அக்டோபரில் எல்எஸ்யூவின் (லூயிசியானா ஸ்டேட்) லைன்பேக்கர், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர், டெவின் வைட், மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தின் நாலாவது குவார்ட்டரில் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆட்டம் அலபாமா. அந்த முதல் பாதி முழுக்க அவர் வெளியே. எல்எஸ்யூ 29-0 என்று தோற்றது. அதே குற்றத்தை ஒரு சாதாரண எதிரணிக்கு முந்தைய வாரம் செய்திருந்தால் யாரும் கவனித்துக்கூட இருக்க மாட்டார்கள். 2022 முதல், இரண்டாம் பாதித் தீர்ப்பை மேல்முறையீடு செய்து அடுத்த ஆட்டத்தின் தடையை நீக்கிக்கொள்ள வழி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் பாதியில் தவறாக வெளியேற்றப்பட்டவருக்கு அதில் ஒன்றுமில்லை. போன நிமிடம் போனதுதான்.

இந்த விதியை ஒட்டுமொத்தமாகத் தூக்கச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். என்எஃப்எல்லில் இப்படித் தானாக வெளியேற்றுவது இல்லை, அபராதம் போடுகிறார்கள் என்று அக்கா மகன் சொல்வான். சம்பளத்தில் பிடிக்கும் அந்த வழி காலேஜுக்குச் செல்லாது; இங்கே ஒரு பையனிடமிருந்து எடுக்கக்கூடியது ஆட்ட நேரம்தான். அதைவிட முக்கியம், உச்சி விதி காப்பாற்றுவது அடிப்பவரைத்தான். 2010 அக்டோபரில் ரட்கர்ஸின் எரிக் லெக்ராண்ட், ஆர்மி அணியோடு நடந்த ஆட்டத்தில் ஒரு கிக் ஆஃபில் தலையைத் தாழ்த்தி மோதினார். கழுத்து முறிந்தது. அவர் வாழ்க்கை சக்கர நாற்காலிக்கு மாறியது. அவர்தான் டேக்கிள் செய்தவர், அடி வாங்கியவர் அல்ல. குனிந்த தலையோடு போகாதே என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புரியவைக்க 15 யார்டு போதாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை என்பது சரியில்லை. காலேஜ் கூடைப்பந்தில் ஃப்ளேக்ரன்ட் 1, ஃப்ளேக்ரன்ட் 2 என்று இரண்டு படி; இரண்டாவதற்குத்தான் வெளியேற்றம். இங்கேயும் அது வேண்டும். எம்பிப் பாய்வது, உச்சியால் முட்டுவது, பந்துக்குச் சம்பந்தமில்லாதவரைத் தாக்குவது இவற்றுக்கு வெளியேற்றம். சரியான உயரத்தில் குறிவைத்துப் போகும்போது பந்தோடு ஓடுபவர் கடைசி நொடியில் குனிந்ததால் தலையில் பட்டால், 15 யார்டு, அவ்வளவுதான். நோட்டில் நான் ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் பக்கத்தில் 1 அல்லது 2 என்று போட்டுவிடுகிறேன். உங்கள் அணி ஆளுக்கு 1ம் எதிரி ஆளுக்கு 2ம் மட்டுமே விழுகிறதென்றால் சட்டை நிறத்தைப் பார்த்து எண் போடுகிறீர்கள்.

இரண்டையும் ஒரே வரியில் சேர்ப்பது

வெளியேற்றம் நடந்த ஆட்டத்தை நோட்டில் இரண்டு துண்டாக எழுதுங்கள், முன்னும் பின்னும். 2019 டிசம்பர் 28, ஃபியெஸ்டா பௌல், ஓஹையோ ஸ்டேட்டும் க்ளெம்சனும். நாங்கள் 16-0 முன்னிலை. இரண்டாவது குவார்ட்டரில், ஒரு தேர்ட் டவுனில் ஷான் வேட் பாய்ந்து ட்ரெவர் லாரன்ஸைச் சாய்த்தார். தலை தாழ்ந்திருந்தது. ரீப்ளேக்குப் பிறகு டார்கெட்டிங். பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டிய க்ளெம்சனுக்கு ஃபர்ஸ்ட் டவுன், வேட் வெளியே. அந்த ட்ரைவில் டச் டவுன். முன் 16-0, பின் 7-29. மொத்தம் 23-29.

இந்த வரியை வைத்து அந்த ஒரு கொடிதான் எங்களைத் தோற்கடித்தது என்று எழுதிவிடலாம். எழுதாதீர்கள். எங்கள் 16இல் 9 புள்ளி ஃபீல்டு கோலில் வந்தது. எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் போய் டச் டவுன் போட முடியாமல் நின்றது வேட் வெளியேறுவதற்கு முன்னாலேயே நடந்தது. க்ளெம்சன் தற்காப்பின் பலம் அந்த முன் துண்டில்தான் தெரிகிறது, நாங்கள் முன்னிலையில் இருந்தபோதே. குற்றம் என் பார்வையில் குற்றம்தான். உச்சி தாழ்ந்தது, மோதியது. படி? உச்சி என்றால் 2 என்று நானே சொன்னேன்; ஆனாலும் 1 போட்டிருக்கிறேன், லாரன்ஸும் அதே நொடியில் குனிந்ததால். 15 யார்டும் ஃபர்ஸ்ட் டவுனும் ஆட்டத்தின் பகுதி. அவற்றைக் கழித்து எதிரணியின் வெற்றியைச் சிறிதாக்கக் கூடாது. ஆள் இல்லாமல் ஆடிய நிமிடங்களை மட்டும் குறித்து வையுங்கள்.

அந்த நிமிடங்களுக்காக ஸ்கோர் வித்தியாசத்தில் எவ்வளவு கழிப்பது என்று கேட்டால், வெளியேறியவர் குவார்ட்டர்பேக் இல்லையென்றால் அநேகமாக ஒரு புள்ளிக்கு மேல் நான் கழிப்பதில்லை. அவருக்குப் பதில் இறங்கியவர் பக்கம் எதிரணி எத்தனை முறை பந்தை எறிந்தது என்று எண்ணிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அங்கேயே போனார்கள் என்றால் இன்னும் ஒரு புள்ளி. கண்டுகொள்ளவே இல்லை என்றால் ஒன்றும் வேண்டாம். அடுத்த வாரத்தின் முதல் பாதிக்குத் தடை இருந்தால், அந்த ஆட்டத்தின் வரியிலும் இப்போதே எழுதி வையுங்கள். ஏழு நாளில் மறந்துவிடும். சீசனின் கடைசி ஆட்டத்தில் நடந்து தடை மிச்சமிருந்தால் அது அடுத்த வருடத்து முதல் ஆட்டத்துக்குப் போகும், அதற்குப் புது நோட்டின் முதல் பக்கம்.